போறணைச் செங்கல்

பசறை வீதி,
பதுளை.
14.06.1981

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் ஹம்ஸியாவும் உங்கள் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். குவைத்தில் இது கடும் வெயில் காலம் என்று எழுதியிருந்தீர்கள். சமையலறைச் சூட்டிலும் நின்றுகொண்டு வெயிலிலும் திரியாதீர்கள். இங்கே காற்று தொடங்கிவிட்டது. கூரைத் தகரம் இரண்டு இடத்தில் கிளம்பி நிற்கிறது. ஆள் பிடித்து ஆணி அடிக்க வேண்டும்.

மே மாதம் நீங்கள் எழுதிய கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அதில் நீங்கள், இந்த ஓட்டலில் பீட்சா போடுவதுதான் எனக்கு இப்போது தெரிந்த தொழில், அதை ஊரில் போட முடியுமென்றால் நாளைக்கே வந்துவிடுவேன், ஆனால் அதைச் சுட ஒரு தனிக் கல் வேண்டும், அது இல்லாவிட்டால் அடி மொறுமொறுப்பாக வராது என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? 'நாளைக்கே வந்துவிடுவேன்' என்ற இடத்தை மாமி திரும்பவும் வாசிக்கச் சொன்னார். பிறகு, "கல்லுதானே வேணும், தேடிப் பாரு மகள்" என்றார்.

அதனால் தேடிக்கொண்டிருக்கிறேன். கேக் சுடும் தகரப் பெட்டிக்குக் கீழேயும் மேலேயும் தணல் போட்டுத்தான் எல்லாம் செய்து பார்க்கிறேன். முதலில் கேக் தட்டிலேயே மாவைப் பரப்பினேன். மேலே நீங்கள் அனுப்பிய சீஸ் உருகி வழிந்தது, அடி நனைந்த துணி மாதிரி வந்தது. தகரம் மெல்லியது, மாவை வைத்ததும் சூடு இறங்கிவிடுகிறது. அடுத்து ரொட்டி சுடும் இரும்புக் கல்லைப் பெட்டிக்குள் வைத்தேன். அது இன்னொரு பக்கம் போய்விட்டது. மேலே தக்காளி வேகுமுன் அடி கரியாகிவிட்டது. ஹம்ஸியா கரியைச் சுரண்டிவிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லிச் சாப்பிட்டாள். பிள்ளைக்கும் என் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரிந்துவிட்டது.

கூரை ஓடு ஒன்றைக் கழுவி வைத்தேன். அது வளைந்திருப்பதால் மாவும் வளைந்தது. பிறகு ஆற்றில் கிடந்த தட்டையான கல் ஒன்றைத் தூக்கிவந்தேன். அதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். சூடேறியதும் அது வெடித்துவிட்டது. கையில் கொஞ்சம் தீக்காயம், பயப்பட ஒன்றுமில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து விறகு கொண்டுவரும் இராக்கம்மா அந்த நேரம் வாசலில் நின்றிருந்தாள். அவள்தான் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினாள். "விடுங்கம்மா, அந்தச் சாப்பாட்ட ஐயா அங்கனயே சாப்பிட்டுக்கிறாங்க, நீங்க ஏன் கெடந்து சாகுறீங்க" என்றாள். அவளுக்கு விஷயம் தெரியாது. நானும் சொல்லவில்லை.

உங்கள் ஓட்டலில் இருக்கும் அந்தக் கல் எவ்வளவு கனம், மேலே வழவழப்பா சொரசொரப்பா, என்ன நிறம் என்று எழுதுங்கள். எனக்குக் களைப்பாக இருக்கிறது மச்சான், ஆனாலும் தேடுவேன்.

உங்கள் சுகத்துக்கு துஆ கேட்கும்,
நளீரா


பசறை வீதி,
பதுளை.
20.09.1981

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் பதில் பெருநாளுக்கு முந்தியே கிடைத்தது. அந்த மாதிரிக் கல் இலங்கையில் கிடைக்காது, வீணாக அலையாதே என்று எழுதியிருந்தீர்கள். உடனே பதில் போட முடியவில்லை. மாமிக்குக் காய்ச்சல் வந்து இப்போதுதான் எழுந்து நடமாடுகிறார். கூரைக்கு ஆணி அடித்தாயிற்று.

கல் கிடைத்துவிட்டது. எங்கேயோ தேடியலைந்தது பக்கத்திலேயே இருந்திருக்கிறது. நமது பக்கத்து வீட்டு ஜெனீரா ராத்தாவின் கணவர் மௌத்தான பிறகு அவர்களுடைய பேக்கரி பூட்டிக் கிடக்கிறதல்லவா? நோன்புக் கஞ்சி கொடுக்கப் போனபோது ராத்தா போறணை அடுப்பின் வாயைத் திறந்து காட்டினார். ஒரு பக்கம் இடிந்து தளச் செங்கல்கள் பெயர்ந்து கிடந்தன. வருஷக்கணக்காகப் பாண் சுட்ட செங்கல், எந்தச் சூட்டுக்கும் அசையாது. நாலைந்தைக் கொண்டுவந்து பெட்டிக்குள் நெருக்கி அடுக்கி, தணல் போட்டு நன்றாகச் சூடேற விட்டுப் பிறகு மாவை வைத்தேன். செங்கல் மாவின் ஈரத்தைக் குடித்துக்கொள்கிறது, சூட்டையும் விடவில்லை. எடுத்துத் தட்டினால் சத்தம் கேட்டது. உடைத்தால் அப்பளம் மாதிரி உடைந்தது. நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இதை உங்களுக்கு எழுத உட்கார்ந்த கிழமையில்தான் உங்களோடு வேலை செய்யும் பண்டாரவளை இப்றாஹீம் நானா லீவில் வந்து, நீங்கள் கொடுத்தனுப்பிய பார்சலைத் தந்தார். ஹம்ஸியாவின் சட்டை அளவு சிறிது. அவள் வளர்ந்துவிட்டாள். நானாவுக்கு ஒரு பீட்சா சுட்டு வைத்தேன். கடித்துப் பார்த்துவிட்டு, "நாங்க ஓட்டல்ல போடுறத விட நல்லா இரிக்கி தங்கச்சி" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற மாமிக்குப் பொறுக்கவில்லை. "அப்ப என்ட மகனுக்கு இனி வர ஏலும்தானே?" என்று கேட்டார்.

நானா தட்டைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, "ஸரூக் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வச்சிட்டான் உம்மா. ஏப்ரல்லயே. உங்களுக்கு எழுதல்லயா?" என்றார்.

ஏப்ரலில் கையெழுத்து. கல்லைப் பற்றிய உங்கள் கடிதம் மே மாதம். நான் அதைப் பல தடவை கணக்குப் பார்த்தேன், வேறு விதமாக வருகிறதா என்று.

நானா போன பிறகு மாமி மீதியிருந்த துண்டை எடுத்தார். பல்லில்லாத வாய்க்கு அந்த மொறுமொறுப்பு ஆகாது, வெறுந்தேநீரில் தோய்த்துத் தோய்த்து முழுவதையும் சாப்பிட்டார். பிறகு என்னிடம், "இதைப் பத்திப் புள்ளயக் கேட்டு எழுதாத மகள். வெக்கப்பட்டு ஒரேயடியா வராம இரிந்திடுவான்" என்றார். நான் தலையாட்டினேன். ஆனாலும் எழுதுகிறேன். அவர் உங்கள் உம்மா, அவரால் காத்திருக்க முடியும்.

இன்னொரு செய்தி. நானும் ராத்தாவும் போறணையைப் பூசிச் சரிசெய்து சனிக்கிழமைகளில் மூட்டுகிறோம். பண்டாரவளையில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் விடுதி ஒன்றுக்கு பீட்சா கேட்டார்கள். காலை ரயிலில் அனுப்புகிறோம். அங்கே சூடுபண்ணிக் கொடுக்கிறார்களாம். பொம்பளைகள் பேக்கரி நடத்துவதா என்று இரண்டொருவர் பேசினார்கள். மாமிதான் வாசலில் நின்று பதில் சொன்னார். உங்களிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை.

நீங்கள் ஏன் கையெழுத்து வைத்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கடனா, முதலாளியின் கட்டாயமா, இந்த வீட்டுக்கு வந்து அடைபட மனமில்லையா, எதுவாக இருந்தாலும் அதை அப்படியே எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன். இங்கே அது கிடைக்காது, இது கிடைக்காது என்று மட்டும் இனி எழுத வேண்டாம். நான் தேடிக் கண்டுபிடித்துவிடுவேன் மச்சான், அப்போது இரண்டு பேருக்கும் சங்கடம்.

ஹம்ஸியா பள்ளிக்கூடத்தில் வாப்பா வரப்போகிறார் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தத் தடவை அவளுக்கென்று தனியாக ஒரு கடிதம் போடுங்கள். வாசிக்கப் பழகிவிட்டாள், நான் இடையில் இருந்து வாசித்துக் காட்டத் தேவையில்லை.

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். உண்மையைச் சொல்லும் தைரியத்தையும் அல்லாஹ் உங்களுக்குத் தரட்டும்.

உங்கள் மனைவி,
நளீரா