செவ்வாய்க்கிழமை விரதம்

என் புருஷனை எனக்கு முன்னால் இடுப்பில் தூக்கி வளர்த்த தனம் அண்ணிக்கு,

மாளய அமாவாசைக்கு உங்களுக்குப் படையல் போட்டோம். வந்து பார்த்தீர்களோ என்னவோ. அதிரசம், பாதுஷா, நெய் மிதக்கும் கேசரி, ஆரஞ்சு கலர் கூல்டிரிங்ஸ் ஒரு பாட்டில். ஆறு வருஷமாக எதையெல்லாம் தொடாதீர்கள் என்று உங்களிடம் சொன்னேனோ, அத்தனையும் ஒரே இலையில். எல்லாம் உங்கள் தம்பி வாங்கி வந்தது. "இனிமே எங்க அக்காவ யாரு தடுக்கறது?" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பாட்டில் மூடியை நானே திருகித் திறந்து வைத்தேன்.

நாத்தனார் என்றாலே எல்லாப் பெண்களும் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரெண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்த நீங்கள், என் கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் வந்து, "அவனுக்கு கத்திரிக்கா ஆவாது. மத்தபடி கல்ல போட்டாலும் துன்னுவான். நீ பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு கஷ்டம் என்றால் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறியதில்லை. உங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லில் வந்து உட்கார்ந்துவிடுவேன்.

இப்போதும் அதே வேலைதான் பார்க்கிறேன். அதே பை, அதே மெஷின். வீடு வீடாகப் போய் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பது, கையில் பட்டை கட்டி பிரஷர் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது. நம் ஊருக்கு மட்டும் மாதத்தில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. காலையில் ஒன்பது மணிக்கே வெயில் உச்சந்தலையில் உட்கார்ந்துகொள்கிறது. முட்டி வலிக்கிறது அண்ணி. ஆனால் அதைவிட வாய்தான் அதிகமாக வலிக்கிறது. ஒரே பேச்சைத் தெருத் தெருவாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஞாபகம் இருக்கிறதா, முதல் தடவை உங்களுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும், டிரெய்னிங்கில் சொன்னபடி உங்களுக்குப் பாடம் எடுத்தேனே. "தினமும் அரை மணி நேரம் நடக்கணும் அண்ணி." நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "ஏரிக் கால்வாய்ல மண்ணு வாரிட்டு வூட்டுக்கு வர்றேனே, அது இன்னா பறந்தா வர்றேன்?" சாதத்தைக் குறைத்து, பழம் காய்கறி நிறையச் சாப்பிடணும் என்றேன். "ரேஷன்ல போடறாங்களா?" என்றீர்கள். நோட்டில் 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். அதற்காகத்தானே இந்தக் கடிதம்.

மாதக் கூட்டத்தில் ஒரு அதிகாரி மேடம் என்னை எழுப்பி நிற்க வைத்தார். என் நோட்டை உயர்த்திப் பிடித்து, "இந்த ஊர்ல ஒருத்தருக்காவது சர்க்கரை கன்ட்ரோல்ல இருக்கா? நீ போறியா, இல்ல வீட்ல உக்காந்து எழுதறியா?" என்று கேட்டார். ஐம்பது பேர் முன்னால். நேராக உங்கள் வீட்டுக்கு வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டு மல்லிகாக்காவும் வந்து நின்றார். நீங்கள் டீ போட்டுக் கொடுத்தீர்கள். எனக்குச் சர்க்கரை போட்டு, உங்களுக்கும் போட்டு. "அயுவாதடி ரேணு. உனுக்குக் கெட்ட பேரு வராது. நாங்க பாத்துக்கறோம்" என்றீர்கள்.

அழுகிறவளுக்கு எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்தேன்.

அடுத்த மாதத்திலிருந்து உங்கள் தெருவில் எண்கள் இறங்க ஆரம்பித்தன. உங்களுக்கு நூற்று இருபத்தெட்டு. மல்லிகாக்காவுக்கு நூற்று நாற்பது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கத்தியது வீண்போகவில்லை, ஜனங்கள் திருந்திவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன வருஷக் கூட்டத்தில் அதே மேடம் எனக்குச் சால்வை போர்த்தினார். அதைக் கொண்டுவந்து உங்கள் தோளில் போட்டேன். "அரிக்குதுடி" என்று சிரித்தீர்கள். ஆனாலும் சாயங்காலம் வரைக்கும் கழற்றவில்லை.

நான் வரும் செவ்வாய்க்கிழமைகளில் உங்கள் அடுப்பு மூட்டாமல் கிடக்கும். கேட்டால் "செவ்வாக்கெயம வெரதம்" என்பீர்கள். நீங்கள் பக்திக்காரிதானே, அம்மனுக்கு இருக்கிறீர்கள் என்று நம்பினேன். ஒரு தடவைகூட வேறு செவ்வாய்க்கிழமையில் வந்து பார்க்கத் தோன்றவில்லையே எனக்கு.

பங்குனியில் ஒருநாள் நூறு நாள் வேலை முடிந்து ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தீர்கள். தெருவே சிரித்தது. "இன்னொண்ணு எங்கக்கா?" என்று மல்லிகாக்கா கேட்டபோதுதான் குனிந்து பார்த்தீர்கள். உங்களுக்கே தெரியவில்லை. கொதிக்கிற தார் ரோட்டில் அவ்வளவு தூரம் ஒரு கால் வெறுங்காலாக வந்திருக்கிறீர்கள். நானும் அங்கேதான் நின்றேன். நானும்தான் சிரித்தேன். செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் காலில் உணர்ச்சி இல்லை என்று பொருள், உடனே பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று டிரெய்னிங்கில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். ஆனால் உங்கள் நோட்டில்தான் எல்லாம் நல்லபடியாக இருந்ததே. நல்ல எண் இருக்கும்போது காலை எதற்குப் பார்ப்பது?

பத்து நாள் கழித்து நாற்றம் வந்தபோதுதான் பாதத்தில் இருந்த புண்ணைப் பார்த்தேன். காஞ்சிபுரத்துக்கு ஆட்டோவில் தூக்கிப்போனபோது, உங்கள் காலைச் சுற்றிக் கட்ட அவசரத்தில் கைக்குக் கிடைத்தது அந்தச் சால்வைதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, மூன்று மாதச் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டும் டெஸ்ட் எடுத்தார். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் ஒரு தடவைகூட செக் பண்ணலையா?" என்று கேட்டார். ரோஷத்தோடு என் நோட்டை நீட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. நோட்டை மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டார். காலை எடுத்தார்கள். விஷம் அதற்கு முன்பே மேலே ஏறிவிட்டிருந்தது. வைகாசி பிறந்ததும் போய்விட்டீர்கள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று பாத்திரம் தேய்க்கும்போது மல்லிகாக்கா சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்கு முன்பே தெரியும் என்ற நினைப்பில்.

"உன் நாத்தனார் மாதிரி யாரும் வர மாட்டாங்கடி. நீ வர்றதுக்கு மொத நாளு மத்தியானமே வூடு வூடா வந்து சொல்லும், 'நாளிக்கி ரேணு வருது, யாரும் துன்னாதீங்க, காத்தால மாத்திரைய ரெண்டா போட்டுக்குங்க'ன்னு. நீ போனப்புறம்தான் எல்லாரும் சோத்தப் பாப்போம்."

தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் நோட்டு முழுக்கப் பொய். தெருவே சேர்ந்து எனக்காகச் சொன்ன பொய். பரீட்சைக்குப் படிக்காத பிள்ளைகள், டீச்சர் பாவம் என்று பிட் அடித்துப் பாஸான மாதிரி.

உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? உங்களை யார் கேட்டது? ஒரு கூட்டத்தில் ஒருத்தி என்னைத் திட்டினால் என்ன, நான் என்ன கரைந்தா போய்விடுவேன்? ஒரு காலுக்கு என் நல்ல பேர் ஈடா? திட்ட வேண்டும் போலிருக்கிறது, எதிரில் நீங்கள் இல்லை. உங்களை நினைத்தாலே கோபமும் அழுகையும் ஒன்றாக வருகிறது.

இதைவிட மோசமான ஒன்றை உங்களிடம் மட்டும் மறைக்க முடியாது. தெரிந்த பிறகும் நான் மாறவில்லை அண்ணி. ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. நான்கு மாதமும் அதே இரண்டாவது செவ்வாய்க்கிழமை போனேன். அடுப்பு மூட்டாத வீடுகளில் உட்கார்ந்து, பசித்த விரல்களில் குத்தி, நூற்று முப்பது, நூற்று நாற்பது என்று எழுதினேன். நீங்கள் ஆரம்பித்து வைத்ததை மல்லிகாக்கா நடத்திக்கொண்டிருந்தார். உண்மையை எழுதினால் மறுபடி எழுந்து நிற்க வேண்டும், இத்தனை வருஷம் எழுதியது என்ன என்று கேட்பார்கள், வேலையும் போகும். அதற்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கிரமம் செய்வதற்கு அசதியும் ஒரு காரணம்தான் போலிருக்கிறது.

இனி உங்கள் தம்பி கதை. அவர் இப்போதும் லோடு வண்டிதான் ஓட்டுகிறார். காய்கறி ஏற்றிக்கொண்டு மெட்ராஸுக்குப் போக வர, நாள் முழுக்க அந்த சீட்டில்தான். நாஷ்டா ஒரு கடை, சாப்பாடு ஒரு கடை, நடுவில் எண்ண முடியாத டீ. செவ்வாய்க்கிழமை அவருக்கு எப்போதும் லோடு. ஊருக்கெல்லாம் விரலைப் பிடித்துப் பார்க்கிற நான், வீட்டில் இருக்கிற ஒருத்தருக்குப் பார்த்ததில்லை. கூப்பிட்டால், "எனுக்கு இன்னா கீது? சொம்மா பேஜார் பண்ணாத" என்பார். விட்டுவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட மத்தியானம். செய்யாற்றில் தண்ணீர் வருகிறது என்று பார்க்கப் போனவர் திரும்பி வந்தார். நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வலது காலில் செருப்பு. இடது காலில் சேறு.

"எங்க இன்னொரு செருப்பு?" என்றேன்.

குனிந்து பார்த்தார். நீங்கள் பார்த்த மாதிரியே பார்த்தார். "சேத்துல மாட்டிக்கினு போயிருக்கும், வுடு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு அவரைப் படியில் உட்கார வைத்தேன். சேற்றைக் கழுவிப் பாதத்தை என் மடியில் வைத்து, விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவினேன். "கண்ண மூடுங்க. குச்சி பட்டா சொல்லுங்க."

கட்டைவிரலில் ஒன்று. நடுப்பாதத்தில் ஒன்று. குதிகாலில் நன்றாக அழுத்தியே ஒன்று.

உங்கள் தம்பி கண்ணை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தபடி கேட்டார்: "இன்னாடி, கண்ண மூடச் சொல்லிட்டு சொம்மா குந்திக்கினு கீற? எப்பதான் குத்துவ?"

குச்சியைப் போட்டுவிட்டு, உள்ளே போய் என் பையை எடுத்து வந்தேன் அண்ணி.

அந்தப் படியிலேயே, வயிறு நிறையச் சாப்பிட்டிருந்த அவர் விரலில் குத்தினேன். முந்நூற்று எண்பத்தாறு. அவர் கண் முன்னாலேயே அதை நோட்டில் எழுதினேன். மறுநாள் லோடை விட்டுவிட்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். புண் இல்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள். கால் தப்பித்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. புண் இல்லை என்றுதான் சொன்னார்கள். எனக்கு இன்றைக்கு அது போதும்.

இன்று புதன்கிழமை. யாரிடமும் சொல்லாமல், மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி, பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் தெருவில் நுழைந்தேன். மல்லிகாக்கா பதறிப்போனார். "இன்னாடி, இன்னிக்கி வந்து நிக்கற? இப்பதான துன்னுட்டுக் கைய கழுவறேன்!"

"அதுக்குத்தான் வந்தேன். கைய குடுக்கா. அப்புறம் கால குடு."

"எயுதிடாதடி. உனுக்குத்தான் கெட்ட பேரு."

"எழுதத்தான்கா போறேன்" என்றேன். எழுதினேன். பதினோரு வீடு. ஒரு எண்கூட நல்ல எண் இல்லை. மூன்று பேருக்குக் குச்சி பட்டது தெரியவில்லை. மூன்று பேரையும் நாளைக்கு நானே பஸ் ஏற்றிக் கூட்டிப்போகிறேன்.

நாளை மறுநாள் கூட்டம். பழைய எண்கள் பொய் என்று என் வாயாலேயே சொல்லப்போகிறேன். என்ன கேட்பார்கள், என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அழுகை வந்தால் உங்கள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போகிறேன். அழுததால் இதுவரை யாரும் சாகவில்லை. நீங்கள் யாரையும் என் மேல் இரக்கப்படச் சொல்லாதீர்கள்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணி. இனி இந்தத் தெருவுக்கு நான் வரும் நாளை யாரிடமும் சொல்ல மாட்டேன். யாராவது ஒற்றைச் செருப்போடு வந்தால் சிரிக்க மாட்டேன். நீங்கள் தூக்கி வளர்த்தவரின் இரண்டு பாதத்தையும் தினமும் என் மடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவேன். கத்திரிக்காய் மட்டும் போட மாட்டேன்.

உங்கள் தம்பி பொண்டாட்டி,
ரேணுகா