வாளித் தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு எபி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். உங்கள் முட்டிவலி எப்படி? கோவிலம்பாக்கத்தில் மழை விட்டதா?

சிங்கப்பூரில் வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு தேடுகிறேன் அல்லவா, அந்தப் புழுவை ஆங்கிலத்தில் லார்வா என்பார்கள். அது பழைய லத்தீன் சொல்லாம், அங்கே அதற்குப் பேய் என்று அர்த்தமாம். கூட வேலை பார்க்கும் ஜான்சி அக்கா சொன்னபோது சிரித்துவிட்டேன்.

நேற்று உங்கள் வயதுள்ள ஒரு தமிழ் அம்மா வீட்டுக் குளியலறையில் வாளி நிறையப் புழு. கவிழ்க்கப் போனேன். "ஊத்தாதீங்க தம்பி, அவரு வந்து குளிப்பாரு" என்றார். கூடத்தில் அவர் கணவரின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. சட்டம் என்று சொல்லி ஊற்றிவிட்டேன். வெறும் வாளியைப் பார்த்துக்கொண்டே, "இப்ப அவரு எங்க போவாரு?" என்று கேட்டார்.

பயப்படாதீர்கள், நன்றாகத்தான் தூங்கினேன். விளக்கை மட்டும் அணைக்கவில்லை.

அப்பா போன பிறகும் அவர் வாளியை நிரப்பி வைக்கிறீர்களே, பழைய தண்ணீர் மேலேயே ஊற்றாதீர்கள். கொட்டிவிட்டு உடனே புதிதாகப் பிடியுங்கள். வெறுமையாக மட்டும் விடாதீர்கள். நான் வரும்வரை அந்த வீட்டில் உங்களோடு யாராவது இருக்கட்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

எபி