அவிழாத கயிறுகள்

எல்வுட்டுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக காட்டு வாத்துகளை ஈர்க்க நீ தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகளின் பையைத் திறந்தேன். சாயம் உரிந்திருந்தால் பூசித் தரலாம் என்று நினைத்தேன்.

போன வேட்டைப் பருவம் முடிந்ததும் ஒவ்வொன்றின் கழுத்திலும் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டது நான்தான். ஒன்றுகூட அவிழவில்லை. கயிற்று நுனியில் நங்கூரமாகக் கட்டிய ஈயக் குண்டுகளில் சேறே இல்லை. இந்தக் குளிர்காலம் முழுக்க விடியுமுன் இதே பையைத் தூக்கிக்கொண்டுதான் செசாபீக் விரிகுடாவுக்குக் கிளம்பினாய். "காட்டு வாத்து லேசுப்பட்டதில்லடி. பொம்மைங்க நடுவுல எறங்க எடம் விடலேன்னா ஏமாறாது" என்று சாப்பாட்டு மேசையில் கதை சொன்னாய். நானும் வாத்தை வறுத்துப் பரிமாறினேன்.

பக்கத்து வீட்டுப் பர்னலிடம் கேட்டேன். சிரித்தார்.

"உன் வீட்டுக்காரனா? இந்த வருஷம் தண்ணில காலே வைக்கலியேம்மா! நான் சுட்டதைத்தான் ஓசில வாங்கிட்டுப் போறான். கறி எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றேன்.

வேட்டைக்குப் போகிறவன் எதற்குச் சவரம் செய்துகொள்கிறான் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

நாளை நீ வண்டியை எடுக்க வரும்போது முன் இருக்கையில் நான் உட்கார்ந்திருப்பேன். விரிகுடாப் பக்கம் திருப்ப வேண்டாம். நீ வழக்கமாகப் போகிற வீட்டுக்கே போகலாம். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போதைக்கு,
உன் மனைவி