வாரேன் என்று சொல்லாமல் போனவர்

ஐப்பசி 4, திங்கள்

விடியலிலிருந்து தூறல். வெங்காயத் தாள் எல்லாம் நுனி கருகல். மகன் மருந்தடிக்கப் போனான். இந்த ஈரத்தில் மருந்து எங்கே நிற்கும்.

என்ன வருஷம் என்று மேலே எழுதச் சொன்னார் டாக்டர். எனக்கு வருஷம் எண்ணாக நினைவில் நிற்காது. தையில் முதலமைச்சர் இறந்து திண்டுக்கல்லில் கடையெல்லாம் அடைத்துக் கிடந்தது. ஆடியில் நிலாவில் ஆள் இறங்கினான் என்று ரேடியோ சொன்னது. இரண்டுக்கும் நடுவில், வைகாசியில், என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் போனாள். அந்த வருஷம்.

எழுத்தும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் சரசு எழுதுகிறாள். ஊரில் யாருக்கும் படித்துக் காட்டக் கூடாது, சொன்னதை மட்டும் எழுத வேண்டும் என்று பேச்சு.

"மாமா, நீங்க இருமுறதையும் எழுதவா?"

"உனக்குக் கொழுப்பு தாயி."

அதையும் எழுதிவிட்டாள்.

மதுரை டாக்டர் சின்ன வயசுக்காரர். சொன்னது இது: "மனசு சோர்ந்து போறதுக்கு முன்னாடி ஒரு நினைப்பு வந்திருக்கும் ஐயா. வந்த வேகத்துல போயிரும். அதைப் பிடிச்சு எழுதிட்டு வாங்க." சோர்வு வந்த பிறகுதான் கெட்ட நினைப்பு வருகிறது என்று இருந்தேன். அவர் மாற்றிச் சொல்கிறார். நினைப்பு முன்னே, சோர்வு பின்னே. தன்னைப் பற்றி ஒன்று, சுற்றி இருப்பவர்களைப் பற்றி ஒன்று, நாளையைப் பற்றி ஒன்று. மூன்றும் இருட்டாகவே இருக்குமாம். வெளிதேசத்தில் மனசைப் பற்றிப் படித்தவர்கள் இப்போது இப்படிச் சொல்கிறார்களாம்.

இன்றைக்குப் பிடித்தவை.

வெங்காயம் கருகினது. நினைப்பு: நான் நட்டது, விளங்காது.

சரசு குழம்பை ஊற்றிவிட்டு உடனே உள்ளே போனாள். நினைப்பு: கிழவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"அடுப்புல பால் பொங்குச்சு மாமா!"

அப்படியும் இருக்கலாம்.

ஐப்பசி 5, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். இடது கால் வீக்கம்.

கன்னிவாடியிலிருந்து தேங்காய் வண்டிக்காரர் வந்தார். "வீரணய்யா படுத்த படுக்கையா இருக்காரு. மாப்ளே ஏன் எட்டிப் பாக்கலன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

வீரணன், பேச்சியின் அண்ணன். எனக்கு மச்சான். போக மாட்டேன் என்றேன். ஏன் என்று சரசு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். சொன்னேன். இப்போது எழுதுகிறாள்.

பேச்சி செத்தபோது மச்சான் கால் முறிந்து கட்டுப் போட்டுக் கிடந்தார். தங்கை முகத்தைப் பார்க்கவில்லை. ஆவணியில்தான் கம்பு ஊன்றி வந்தார். மத்தியான வெயில். மோர் கொடுத்தாள் சரசு, குடிக்கவில்லை. பேச்சி படுக்கிற மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வாசலைத் தாண்டினார். வாரேன் என்று ஒரு வார்த்தை இல்லை. திரும்பியும் பார்க்கவில்லை. "வாரேன் மாப்ளே, வாரேன்" என்று தெருமுனை வரை சொல்லிக்கொண்டே போகிற மனிதர்.

நினைப்பு: தங்கச்சி போனாள், உறவும் போச்சு. அவருக்கு நான் யாரும் இல்லை. இனி வர மாட்டார். யாரும் வர மாட்டார்கள்.

அன்றைக்குப் படுத்தவன்தான். வயல் பக்கமே போகவில்லை. சோறு இறங்கவில்லை. பிறகுதான் மகன் மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

ஐப்பசி 6, புதன்

டாக்டர் சொன்ன இரண்டாவது வேலை. நினைப்புக்குப் பக்கத்தில், நடந்ததற்கு வேறு காரணம் இருக்குமா என்று எழுதுவது. ஒன்றும் இல்லை என்று எழுதச் சொன்னேன். சரசு எழுதவில்லை.

"மாமா, அவுக கேதம் கேக்கத்தானே வந்தாக? எழவு விசாரிக்க வந்தவுக போறப்ப வாரேன்னு சொல்லுவாகளா? நீங்க எந்த வீட்ல சொல்லிருக்கீக?"

சொன்னதில்லை. இழவு வீட்டில் வாரேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். பேசாமல் எழுந்து போவதுதான் முறை. எத்தனை வீட்டில் அப்படி எழுந்து வந்திருக்கிறேன். இது எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

கொஞ்ச நேரம் நெஞ்சு லேசானது.

உடனே அடுத்தது வந்துவிட்டது. அந்த முறை ஊராருக்கு. கூடப் பிறந்தவருக்கு, அதுவும் மூன்று மாசம் கழித்து, என்ன முறை? வேண்டுமென்றே செய்தார்.

"இதையும் எழுதவா மாமா?"

எழுது.

வெஞ்சனம் பூசணிக்காய். உப்பு இல்லை. சொல்லவில்லை.

ஐப்பசி 7, வியாழன்

இடி. மழை. பகல் முழுக்கப் படுக்கை. மச்சான் போய்விட்டால் சேதி வரும், அப்போது போய்க்கொள்ளலாம் என்று நினைப்பு. அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.

"செத்த பிறகு போயி யாருட்ட கேப்பீக?" என்றாள் சரசு. வெளுத்த வேட்டி ஒன்றை எடுத்துக் கட்டில் காலில் தொங்கவிட்டிருக்கிறாள். "நீங்க வராட்டி நான் மட்டும் போறேன்."

ஐப்பசி 8, வெள்ளி

போனோம். திண்டுக்கல்லில் பஸ் மாற வேண்டும். நாகல் நகரில் மலைவாழைப்பழம். பழக்காரி என்னைப் பார்த்து, "அப்பு, மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு கடை வாசல்ல நிக்காதீக. என் பழம் கனியாது." சரசு சிரித்தாள். நினைப்பு: ஊருக்கே தெரிந்துவிட்டது.

கன்னிவாடி பஸ்ஸில் ஜன்னல் ஓரம். மலை மேல் மேகம். நினைப்பு: நாம் போவதற்குள் முடிந்திருக்கும், வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும்.

செருப்பு ஒன்றும் இல்லை. ஒரு கோழி நின்றது.

மச்சான் கயிற்றுக் கட்டிலில். பாதி ஆள். மூச்சில் இரைச்சல். கண் மட்டும் பழைய கண்.

"யாரு, சித்தையன்கோட்டை மகாராசாவா? இம்புட்டு நாளா பல்லக்கு கிடைக்கலையாக்கும்?"

உட்காரக்கூட இல்லை, கேட்டுவிட்டேன். "அன்னைக்கு ஏன் மச்சான் சொல்லாம போனீக?"

"எதை?"

"வாரேன்னு."

கண்ணை மூடினார். பிறகு, "கூறுகெட்ட மாப்ளே. எழவு வீட்ல நின்னுக்கிட்டு வாரேன்னு சொல்லவா? நீங்கெல்லாம் அவள வைகாசியில தூக்கிட்டீக. எனக்கு ஆவணியிலதான்யா செத்தா. அந்த மூலையப் பாத்தப்பதான் செத்தா."

சரசு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

பழம் அரைத் துண்டு ஊட்டினேன். மென்றுகொண்டே சொன்னார். சின்ன வயசில் ஆத்தா திட்டினால் பேச்சி குளத்து மேட்டுப் புளியமரத்தில் ஏறிக்கொள்வாளாம். யார் கூப்பிட்டாலும் இறங்க மாட்டாளாம். "நான் போயி தோளக் காட்டணும். தோள்ல கால வச்சுத்தான் இறங்குவா. இறங்கினதும் என்னையே ஒரு கிள்ளு."

எனக்குத் தெரியாத கதை. என்னோடு குடித்தனம் பண்ணின இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதே இல்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று, "வாரேன் மச்சான்" என்றேன். படியில் இறங்கி மறுபடியும் சொன்னேன். தெருவிலிருந்தும் சொன்னேன். கட்டிலில் கை ஒன்று மேலே போய் இறங்கியது.

ஐப்பசி 9, சனி

நல்ல வெயில். வெங்காயம் பாதி தேறும் என்கிறான் மகன்.

எழுந்ததும் பழைய பாரம். நேற்று ஒன்றுமே நடக்காத மாதிரி. நினைப்பு: சாகப் போகிறவர் ஆறுதலுக்குச் சொன்னார், அவ்வளவுதான்.

பக்கத்தில் எழுத வேண்டியது: அன்றைக்கு மோர் குடிக்கவில்லை. மூலையைப் பார்த்தார். எழுந்தார், போனார். கண்ணால் கண்டது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

எழுதியும் பாரம் குறையவில்லை. குறையவில்லை என்றே எழுது சரசு, டாக்டர் பார்க்கட்டும்.

மத்தியானம். அந்தப் புளியமரம் மனசை விட்டுப் போகவில்லை. பேச்சியைப் பாவாடை கட்டின பிள்ளையாகப் பார்த்தவர்கள் யார் யார் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் அய்யா, வெள்ளைக்காரன் போன வருஷம் செத்தார். ஆத்தா, அதற்கு அடுத்த பஞ்சத்தில். காது குத்தின ஆசாரி, தனுஷ்கோடியில் புயல் அடித்த வருஷம். கூடப் பூப்பறித்த தாயம்மா, போன மார்கழி. நான் சேர்த்தி இல்லை. நான் பார்த்தபோது அவள் கல்யாணப் பெண்.

"அப்ப யாரு மாமா மிச்சம்?"

கன்னிவாடி வீரணன்.