தவிட்டுக்கு விற்ற பிள்ளை

பிரிக்பீல்ட்ஸ்,
4-3-1934

என் தம்பி பாலனுக்கு அக்கா இராஜம்மா அன்போடு எழுதுவது.

சிங்கப்பூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? மருத்துவக் கல்லூரியில் காய்ச்சல், கட்டி என்று ஒழுங்காகப் படிக்காமல், பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு விரும்பிப் போய் உட்கார்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இன்று அதை விழுங்கிவிட்டு உன்னிடமே வந்து நிற்கிறேன்.

கிள்ளானில் நம் தங்கை புஷ்பவல்லிக்கு ஆண் பிள்ளை பிறந்தது உனக்குத் தெரியும். முன்பு பிறந்த இரண்டும் தங்காததால் இந்த முறை எல்லாருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். இப்போது அவள் சரியில்லை. தூங்குவதே இல்லை. பிள்ளையைக் கிட்டே கொண்டுபோனால், "இது யாரு பிள்ளை? தூக்கிட்டுப் போங்க!" என்று கத்துகிறாள். அவன் புட்டிப்பாலில் கிடக்கிறான். பேய் பிடித்திருக்கிறது என்று மாமியார் பூசாரியை அழைத்து, வேப்பிலையால் அடித்து, மிளகாய்ப் புகையும் போட்டாயிற்று. கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்த கப்பலில் அவளை ஊருக்கு அனுப்பிவிட்டு, மாப்பிள்ளை அய்யாவுக்கு வேறு பெண் பார்ப்பார்களாம். அவரோ வாயே திறக்கவில்லை.

உன் படிப்பில் இதற்கு வழி இருக்கிறதா? கப்பல் ஏறிவிட்டால் அவள் வாழ்க்கை போயிற்று, பாலா.

உன் அக்கா,
இராஜம்மா

சிங்கப்பூர்,
7-3-1934

அன்பு அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்த கையோடு எழுதுகிறேன். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு இப்படி வருவதுண்டு. இது நோய், அக்கா. பேயும் இல்லை, யார் செய்த பாவமும் இல்லை. இங்கே அப்படி இருந்த ஒருத்தி குணமாகி, போன மாதம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

உடனே கிள்ளானுக்கு ரயில் ஏறு. கட்டை அவிழ்த்துவிடு. புகை வேண்டாம். டாக்டரை அழைத்துக் காட்டு. கஞ்சியும் பாலும் கொடுத்து அவளைத் தூங்க விடுங்கள். பிள்ளையோடு தனியாக மட்டும் விடாதீர்கள்.

இன்னொன்று. உளறல் என்று ஒதுக்காமல், அவள் சொல்வதை அப்படியே எழுது. பிள்ளை பிறந்த பின் அந்த வீட்டில் என்ன நடந்தது என்றும் எழுது.

தம்பி பாலன்

கிள்ளான்,
11-3-1934

பாலா,

மகாராஜா உத்தரவுப்படி கட்டை அவிழ்த்தாயிற்று. அதற்குள் மாமியாரும் நானும் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும். டாக்டர் வந்தார். பிரசவத்திலிருந்து அடிக்கும் காய்ச்சல் இன்னும் விட்டபாடில்லை என்று மருந்து கொடுத்திருக்கிறார்.

அவள் சொன்னது இது: "அக்கா, என் பிள்ளையை முறத்துல வெச்சு வித்துட்டாங்க. நான் பார்த்தேன். வேற பிள்ளையைக் கொண்டாந்து வெச்சுட்டாங்க." கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

நடந்தது வழக்கமானதுதான். இரண்டு பிள்ளை தங்காத வீடாயிற்றே, மூன்றாவதை எமன் கண்ணிலிருந்து மறைக்கத் தவிட்டுக்கு விற்றார்கள். பக்கத்து வீட்டு வீரம்மா தவிட்டைக் கொடுத்து அவனை வாங்கிப்போய், பொழுது சாய்ந்ததும், "என் பிள்ளையை வளர்த்துக் குடுங்க" என்று திரும்பக் கொண்டுவந்தாள். அதிலிருந்து யார் கேட்டாலும் வீரம்மா பிள்ளை என்றுதான் சொல்கிறோம். உன்னையும் அம்மா அப்படித்தான் விற்று வாங்கினாள். வேறொன்றும் நடக்கவில்லை.

இராஜம்மா

சிங்கப்பூர்,
14-3-1934

அன்பு அக்காவுக்கு,

என்னை விற்ற செய்தியை இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறாயே, ரொம்ப நல்ல அக்கா!

வேறொன்றும் நடக்கவில்லை என்கிறாய். நடந்ததெல்லாம் அதுதான். காய்ச்சலில் கிடந்தவளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவள் கண்ணெதிரே பிள்ளையை விற்றார்கள். திரும்பி வந்தவனை வீடே வீரம்மா பிள்ளை என்கிறது. அதையே அவள் சொன்னால் கட்டிப் போடுகிறீர்கள்!

நோயைச் சடங்கு கொண்டுவரவில்லை. அது தன்பாட்டில் வந்தது. ஆனால் அவளுடைய பயத்துக்கு நீங்கள் எல்லாரும் தினமும் சாட்சி சொல்கிறீர்கள். அவள் கொஞ்சம் தெளிந்ததும், வீரம்மாவையும் வைத்துக்கொண்டு, பிள்ளை அவளுடையதுதான் என்று மாமியார் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அன்றைக்கே குணமாகும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கப்பலை மட்டும் எப்படியாவது தடுத்துவிடு.

பாலன்

கிள்ளான்,
22-4-1934

ஜெயித்துவிட்டோம், பாலா!

இதை எழுதிவிட்டுத்தான் மற்றது. உன் கடிதத்தை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். வாய் திறக்காத மனிதர் நேரே தாயிடம் போய், "கப்பலும் வேணாம், வேற பொண்ணும் வேணாம்லா" என்று சொல்லிவிட்டார். அவள் இல்லாமலேயே கப்பல் போனது.

பிள்ளை அவளுடையது என்று வாய்விட்டுச் சொல்ல மாமியார்தான் மசியவில்லை. நான் கத்தினேன். அப்போது அவர் அழுதுவிட்டார். "வாய்விட்டுச் சொன்னா எமன் காதுல விழுந்துடுமே, இராஜம்மா. ரெண்டைப் பறிகொடுத்தாச்சு" என்றார். அவருக்கு இருந்ததும் பயம்தானே. அதற்கு மேல் எனக்குச் சண்டை போட மனம் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

காய்ச்சல் விட்டது. புஷ்பவல்லி மெல்ல மெல்லத் தூங்கினாள், சாப்பிட்டாள். நேற்று மாமியார் தாமாகவே வீரம்மாவைக் கூட்டிவந்தார். பிள்ளையை ஏந்திக்கொண்டு, "இது நீ பெத்த பிள்ளைதாம்மா. வித்தது பொய். எமனை ஏமாத்த நான் சொன்ன பொய்" என்றார். "ஆமா தாயி, ஒரு பொழுது என் வீட்ல தூங்கினான், அவ்வளவுதான்" என்றாள் வீரம்மா.

புஷ்பவல்லி வெகுநேரம் அவனையே பார்த்தாள். கை நீட்டி வாங்கினாள். விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மாமியாரைப் பார்த்து ஓர் அதட்டல்: "என் பிள்ளையை ஏன் இப்படி இளைக்க விட்டீங்க? உங்களுக்கெல்லாம் கண்ணு இல்லையா?"

மருமகள் அதட்டி இவ்வளவு சந்தோஷப்பட்ட வீட்டை நான் பார்த்ததில்லை. இன்னும் சில நாள் அவளுக்குச் சந்தேகம் வந்து போகலாம் என்கிறார் டாக்டர். வரட்டும், சமாளிப்போம். நீ அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்து படி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இதை எழுதும்போது வாசலில் மாமியார் குரல் கேட்கிறது. பால்காரர் இது யார் பிள்ளை என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது. தெருக்கோடி வரை கேட்கும்படி சொல்கிறார்: "எம் பேரன்! என் மருமவ பெத்த பேரன்!"

உன் அக்கா,
இராஜம்மா