நீ தந்த ஈரல்

தம்பி,

இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் தந்த பிள்ளை, "அன்ரி, உங்கட ஈரல் நல்லா இருக்கு" என்றாள். என்னுடையதாம். கொழும்பு வெள்ளவத்தைத் தெருவில் நின்றபடி உன்னை நினைத்துச் சிரித்தேன்.

சண்டைக் காலம் அது. எனக்கு மஞ்சட்காமாலை வந்து, ஒரு கிழமைக்குள் ஆட்களைப் பெயர் மாற்றிக் கூப்பிடத் தொடங்கிவிட்டேனாம். ஈரல் அடியோடு கைவிட்டுவிட்டது, சென்னைக்குக் கொண்டுபோய் உறவினர் ஒருவரின் ஈரலில் பாதியை வைத்தால்தான் ஆள் மிஞ்சும் என்றார் டாக்டர். பொருந்தியது உன்னுடையதுதான். சின்னம்மா தடுத்தார்.

"வயித்தில வெட்டுத் தழும்போட யாழ்ப்பாணத்துப் பெடியன் கொழும்பில உலாவ ஏலுமோ? புலி இயக்கத்தில பட்ட காயமெண்டு பிடிச்சுக்கொண்டு போவாங்கள்."

"பிடிக்கட்டும். அக்கா உயிரோட இருந்தால் வந்து வெளியில எடுப்பா" என்றாயாம்.

சின்னம்மா பயந்தது நடந்தது. நாங்கள் திரும்பி வந்து சில மாதங்களில், காலி நகருக்குப் போகும் வீதிச் சோதனைச் சாவடியில் நாங்கள் போன பஸ்ஸை மறித்து, உன்னை இறக்கி, போட்டிருந்த சேட்டைத் தூக்கி வயிற்றைக் காட்டச் சொன்னார்கள். தழும்பைக் கண்டதும் ஆமிக்காரன் உன் நெஞ்சுக்கு நேரே துவக்கைத் திருப்பினான். அக்காவுக்கு ஈரல் கொடுத்த காயம் என்று உனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாய். அவன் நம்பவில்லை, ஜீப்பில் ஏறச் சொன்னான். நான் இறங்கி வந்து, அத்தனை பேர் பார்க்க, சேலையை விலக்கி என் வயிற்றைக் காட்டினேன். இரண்டு தழும்பையும் மாறி மாறிப் பார்த்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "யன்ன அக்கே, யன்ன" என்று எங்களைப் போகவிட்டான்.

பஸ்ஸில் நீ தலை நிமிரவில்லை.

"ரோட்டில ஏனக்கா அப்பிடிச் செய்தனீங்கள்?"

"நீ தந்ததைத்தானே காட்டினனான்."

எனக்கு ஒரு வெட்கமும் இருக்கவில்லை. ஊரைக் கூட்டிக் காட்டியிருப்பேன், உன்னை நினைக்க அவ்வளவு பெருமை.

போன வருடம் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது. கொட்டாஞ்சேனை வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தபோது ஒருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மருந்துக் குளிசையைச் சாப்பிட்டுவிட்டு நேரத்துக்குப் போடாவிட்டால் என் உடம்பு அந்த ஈரலைத் தள்ளிவிடும். பக்கத்து வீட்டுக் குசினியில் போய் இருந்து, சோறு தின்று, குளிசையைப் போட்டேன்.

"கூடப் பிறந்தவன் கிடக்க உனக்குச் சோறு இறங்குதோ?" என்று சின்னம்மா கேட்டார்.

இறங்கவில்லைதான். ஆனாலும் தின்றேன், தம்பி. உன்னில் உயிரோடு மிஞ்சியிருந்தது என்னிடம்தான் இருந்தது.