ஏரிக்குள் நின்ற கலைமான்

அண்ணை,

இன்று காலை பக்கத்து வீட்டுக் கதவுக்கு வார்னிஷ் அடித்தார்கள். அந்த மணம் ஜன்னலால் வந்ததும், லண்டன் வால்தம்ஸ்டோவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் நாம் அருகருகே நின்று வேலை செய்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

2009 பங்குனியில் அந்தப் பெரிய படம் சட்டம் திருத்த வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வேட்டைக் காட்சி. முக்கால்வாசியும் வானம், கரிய மலைகளின் மேல் மழை திரண்டு நின்றது. கீழே ஏரிக்குள், மார்பளவு தண்ணீரில் ஒரு கலைமான். கரை முழுக்க நாய்கள். தூரத்துக் குதிரைகளில் நக அளவில் வேட்டைக்காரர். வடிவான படம் என்றேன்.

"நல்லாப் பார் தம்பி," என்றீர்கள். "ஒருத்தருக்கும் அவசரமில்லை."

உங்கள் தங்கை அப்போது பிள்ளைகளோடு இலங்கையில், வன்னிச் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். ஒரு மத்தியானம் யாருடையதோ சட்டலைட் போனில் உங்களுக்குக் கோல் எடுத்தார். உங்கள் கையெல்லாம் பசை. நான்தான் போனை உங்கள் காதில் பிடித்தேன்.

"அண்ணை, திரும்பவும் இடம் மாறச் சொல்லீட்டினம். இனிப் பின்னுக்குக் கடல்தான்."

"பிள்ளையள்?"

"என்னோடதான் நிக்குதுகள். நீங்கள் சாப்பிட்டியளோ?"

தொடர்பு அறுந்தது. நீங்கள் கையைக் கழுவிவிட்டு வந்து, படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தீர்கள். முதலாளி ஏனென்று கேட்டதற்கு, தூசி என்று மட்டும் சொன்னீர்கள்.

பிறகு தங்கையிடமிருந்து கோல் வரவில்லை. மாலைகளில், சண்டையை நிறுத்தச் சொல்லி, பாராளுமன்றத்துக்கு முன்னால் சனத்தோடு போய் நின்றீர்கள். யாருடைய போன் அடித்தாலும் உங்கள் தூரிகை நின்றுவிடும். சண்டை முடிந்ததாகச் செய்தி வந்த கிழமை, ஃபாரஸ்ட் கேட் ஸ்டேஷன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பின்னேரம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தது.

இங்கே உங்களுக்கு வேறு உறவில்லை. உங்கள் போனை நான் வைத்திருந்தேன், ஒவ்வொரு நாளும் சார்ஜ் போட்டபடி. ஆனியில், தெரியாத நம்பரிலிருந்து அது அடித்தது.

"அண்ணை, நான்தான். முகாமில இருக்கிறம். பிள்ளையளும் தப்பீட்டுதுகள். கேக்குதோ அண்ணை?"

"ஓம் அக்கா, கேக்குது. நான் அவரோட வேலை செய்த தம்பி," என்றேன். மிச்சத்தையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். அக்காவும் நானும் இன்றும் பேசுகிறோம். ஆனால் அன்று 'கேக்குதோ அண்ணை' என்று அவர் கேட்டதற்கும் நான் வாய் திறந்ததற்கும் இடையில் ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த ஒரு மூச்சுக்குள் அவரும் தப்பியிருந்தார். அவர் மனதில் நீங்களும் உயிரோடு இருந்தீர்கள். அந்த நேரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அண்ணை.